ஈப்போவுக்குப் போன கோவில்பதாகைக் கிண்ணங்கள்

பீங்கான் வாங்க மெட்ராசுக்குப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "ஈப்போவுல பீங்கானுக்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு சீனர் கடை இருக்கு. இங்க இல்லாததையா ஆவடியில வெச்சிருக்கான்?" அவர் கேட்டது நியாயம்தான். நியாயமான கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நான் எங்கே கிளம்புவது? பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினேன்.

நான் மலாய் நாட்டில், ஈப்போவில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைச் சுவரில் துணி மாதிரிகளைவிடத் தட்டுகள்தான் அதிகம். எல்லாம் ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் இருக்கும் ஸ்டெல்லா டீச்சர் கையால் வரைந்தவை. முதல் தட்டை, மெட்ராஸ் போய் வந்த பக்கத்து வீட்டு நர்ஸ் அன்பளிப்பாகத் தந்தாள். வெள்ளைத் தட்டில் ஒரே ஒரு நீல அல்லி, தண்ணீரில் பாதி முங்கிய ஒரு இலை, அந்த இலையில் பூச்சி அரித்த ஓட்டை. ஓட்டையைக்கூட விடாமல் வரைந்திருந்த கை எனக்குப் பிடித்துப்போயிற்று. தட்டைத் திருப்பினால் அடியில் சின்னதாக மூன்று சிவப்புக் கோடு. அதுதான் அவர் கையெழுத்து. அதற்குப் பிறகு மெட்ராசுக்குப் போகிறவர்கள் யாரையும் நான் நிம்மதியாகப் போகவிட்டதில்லை. எல்லாரும் ஒரு தட்டுடன்தான் திரும்ப வேண்டும்.

இந்தத் தடவை சுவருக்காகப் போகவில்லை. என் மகள் மாலினி, வெய் மிங் என்ற சீனப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். இரண்டு வீட்டிலும் மாதக்கணக்கில் பேசி, அழுது, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பதிவுத் திருமணம், பிறகு அவர்கள் வழக்கப்படி மணப்பெண் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுப்பது, பிறகு விருந்து. அவ்வளவுதான். அவர்கள் வீட்டுச் சாமியும் வராது, எங்கள் வீட்டுச் சாமியும் வராது. தாலி இல்லை, மேளம் இல்லை. தேநீர்க் கிண்ணங்களைப் பெண் வீட்டார் கொண்டுவருவது அவர்கள் வழக்கமாம். அதைக் கேட்டதும், "அது மட்டும் என் பொறுப்பு" என்று முந்திக்கொண்டேன். அந்தக் கல்யாணத்தில் என் கை பட மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

வெள்ளைக் கிண்ணங்களையும் ஒரு தேநீர்க் கெண்டியையும் முன்கூட்டியே ஆள் மூலம் டீச்சருக்கு அனுப்பிவிட்டேன். மாலினி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பூ மட்டும் போதும்மா. ஓம் வேணாம், சாமி வேணாம், மஞ்சள் குங்குமம் எதுவும் வேணாம். வெய் மிங் அப்பா இப்பத்தான் இறங்கி வந்திருக்காரு. அவர் கண்ணுல ஏதாவது பட்டுச்சு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

மெட்ராசில் இறங்கி மின்சார ரயிலில் ஏறினேன். எங்கள் ஊரில் ரயில் எப்போதாவது வரும், மெதுவாக வரும், எல்லாரும் ஏறிய பிறகு கிளம்பும். இங்கே ரயில் நின்றதா இல்லையா என்று முடிவு செய்வதற்குள் கிளம்பிவிடுகிறது. பக்கத்தில் இருந்த அம்மாளிடம், "ஆவடி வந்தா சொல்லுங்க" என்று சொல்லிவைத்தேன். அவரும் தலையாட்டிவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். ஆவடி வந்தபோது நான் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பிளாட்பாரம். நடுவில் மீன் கூடைகள், பள்ளிப் பைகள், ஒரு சைக்கிள் டயர். நகர்ந்து வாசலை எட்டுவதற்குள் ரயில் வேகமெடுத்துவிட்டது. அடுத்தடுத்த ஸ்டேஷன்களிலும் அதே கதை.

"ஆவடியா? அது அப்பவே பூட்ச்சேம்மா" என்றார் வாசலில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர், ஏதோ நான் அதை வேண்டுமென்றே தவறவிட்ட மாதிரி. அவரே பெட்டியைக் கையில் எடுத்து, கூட்டத்தை முழங்கையால் தள்ளி, வேப்பம்பட்டில் என்னை இறக்கிவிட்டார். அங்கே வேப்பமரங்களும் ஒரு டீக்கடையும்தான் இருந்தன. மசால் வடை சுடச்சுட இருந்தது. இரண்டு தின்றேன். பயத்தில் எனக்குப் பசி அதிகமாகும், அது என் பிறவிக் குணம். திரும்பி வரும் ரயிலில் ஆவடி வரைக்கும் வாசலருகிலேயே நின்றுகொண்டு வந்தேன்.

ஸ்டெல்லா டீச்சர் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவைப்படவில்லை. தெருமுனையிலேயே கிராம்புத் தைல வாசனை அடித்தது. பீங்கானில் தீட்டும் வண்ணப்பொடியை அந்தத் தைலத்தில்தான் குழைக்கிறார். வீட்டுக்குள் நுழைந்தால் பல் டாக்டரிடம் வந்துவிட்டது போல இருக்கிறது. பள்ளியில் ஓவிய டீச்சராக இருக்கிறார், ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் மாதா சுரூபம், கை விரல் நகமெல்லாம் நீலம். ஆவடியில் இருந்த ஒரு ராணுவ அதிகாரியின் மனைவியிடம் இளம்வயதில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாராம். "அந்தம்மா ரோஜாப்பூவா வரைஞ்சு தள்ளுவாங்க. எனக்கு ரோஜா பிடிக்காது. நம்ம ஏரியில இருக்கறது போதும்னுட்டேன்" என்றார்.

கிண்ணங்களை மேசையில் வரிசையாக அடுக்கி, மேலே மூடியிருந்த துணியை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு நீல அல்லி. ஒன்றில் மொட்டு, ஒன்றில் பாதி விரிந்தது, ஒன்றில் இதழ் கவிழ்ந்து மூடப்போவது. கெண்டியில் ஓட்டை விழுந்த அந்த இலை. ஒருமுறை சூளையில் சுட்டாகிவிட்டது, நீலம் இனி போகாது. விளிம்புக்குத் தங்கக்கோடு போட்டு, அடியில் கையெழுத்துப் போட்டு, இன்னொரு முறை சுட வேண்டியதுதான் பாக்கி.

"நாளைக்குச் சுட்டுடலாம். உங்க பிளேனுக்கு இன்னும் நாள் இருக்குல்ல, கவலையே படாதீங்க" என்றார் டீச்சர். கவலைப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கவலை அதிகமாகும்.

அன்றிரவு டீச்சர் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை வழக்கம்போல, "பசியாறிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். இட்லியும் வடகறியும் கொடுத்தார். வடகறி என்பது நேற்றைய வடையை இன்றைய குழம்பில் போடுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்தாலும் பரவாயில்லை, அவ்வளவு ருசி.

டீச்சரிடம் சூளை கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏகாம்பரம் என்பவர், வீட்டு வாசலில் மாட்டும் எனாமல் எண் பலகைகள் செய்கிறார். அவருடைய மின்சார அடுப்பில்தான் இத்தனை வருஷமாக டீச்சரின் தட்டுகள் வெந்திருக்கின்றன. கிண்ணங்களை ரவிக்கைத் துணிகளில் சுற்றி ஒரு கூடையில் வைத்து, ஆவடியில் பஸ் ஏறினோம். நான் ஆட்டோ என்றேன். "ஆட்டோ குலுக்குற குலுக்கல்ல கிண்ணம் தூளாயிடும்" என்றார் டீச்சர்.

பஸ்சில் நிற்கவே இடமில்லை. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்தேன். உட்கார்ந்திருந்த ஒரு பெண், "குடு அக்கா, வெச்சிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே கூடையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஈப்போவில் முன்பின் தெரியாதவர் நம் பையைத் தொட்டால் போலீசைக் கூப்பிடுவோம். இங்கே நிற்கிறவர் சுமையை உட்கார்ந்திருப்பவர் வாங்கிக்கொள்வது மரியாதையாம். நான் கூடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ" என்று தள்ளியதில், கூடை முன்னால் இருக்க நான் பின்னால் போய்விட்டேன்.

எட்டிப் பார்க்கிறேன், அந்தப் பெண்ணின் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவள் இறங்கிப்போய்விட்டாள். "டீச்சர், கூடை!" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். "கூவாதம்மா, இங்கதான் கீது" என்றார் பெரியவர். கூடை அவர் மடியில் இருந்தது. இறங்கும்போது அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவர் இறங்கும்போது அதைப் பின்சீட்டு ஆளிடம் கொடுத்தார். இப்படி என் மகளின் கல்யாணம் மடி மாறி மடி மாறி அம்பத்தூர் போய்ச் சேர்ந்தது. ஒரு கிண்ணத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஏகாம்பரம் பட்டறையில் தரையெல்லாம் ஈரம். அவரும் அவர் மனைவி கன்னியம்மாவும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுப்பின் கதவு துடைத்துத் திறந்து கிடந்தது.

"இன்னா டீச்சரே, இன்னிக்கி வந்துகினு கீறீங்க? நாளைக்கி ஆயுத பூஜை. எல்லாத்தயும் கழுவி வுட்டாச்சி. இனிமே நாளன்னிக்கித்தான் சுவிச்ச போடுவேன்" என்றார் ஏகாம்பரம்.

"பூஜை நாளைக்குத்தானே? இன்னைக்குச் சுடுவீங்கன்னு நெனச்சேன்" என்றார் டீச்சர்.

நான் நடுவில் புகுந்து, விமானம், கல்யாணம், சம்பந்தி வீடு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "நியாயந்தாம்மா. ஆனா வருசம் பூரா நெருப்புல நிக்கிது. ரெண்டு நாளு அதுக்கு ரெஸ்ட்டு. கழுவி வெச்சத மறுபடி கொளுத்துனா என் கை வெளங்குமா, நீயே சொல்லு?" என்றார். எங்கள் கடையிலும் அன்றைக்குத் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்து மூடிவிடுவோம். பிளேன் யோசனையில் அது எனக்கு மறந்தேபோயிருந்தது.

எனக்கு விமானம் விஜயதசமிக்கு மறுநாள் மாலை. விஜயதசமி காலையில் முதல் வேலையாக அடுப்பைப் போட்டால், இரவெல்லாம் ஆறவிட்டு, மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். சூடாக இருக்கும்போது கதவைத் திறந்தால் பீங்கான் வெடித்துவிடுமாம். "வேலைய இன்னைக்கே முடிச்சு வெச்சுடறேன்" என்று டீச்சர் அங்கேயே உட்கார்ந்து தங்கக்கோடு போட ஆரம்பித்தார். தங்கம் என்று அவர் குப்பியிலிருந்து எடுத்தது கருப்பட்டிப் பாகு மாதிரி இருந்தது. "இதுவா தங்கம்?" என்றேன். "சுட்டாத்தான் மஞ்சளாகும். அதுவரைக்கும் விரல் பட்டா இழுவிடும், கிட்ட வராதீங்க" என்றார். பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணியில் கொண்டுவந்த சிவப்புப் பொடியில் கொஞ்சம் எடுத்துத் தைலத்தில் குழைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று கோடு இழுத்தார். ஈரத் தங்கத்தோடு பஸ்சில் போக முடியாது என்பதால் கிண்ணங்களைப் பட்டறை அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்தோம். கிண்ணி, தூரிகை எல்லாம் அங்கேயே இருந்தன.

ஆயுத பூஜையன்று ஆவடியே மணந்தது. பஸ் முகப்பில் வாழைக்கன்று, ஆட்டோவுக்குச் சாமந்தி மாலை, ரயில் எஞ்சினுக்குக்கூடப் பட்டை பட்டையாகச் சந்தனம். நான் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து மாலினியைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தேன். பூத்துக்காரர் டெலிபோனுக்கும் மீட்டருக்கும் பொட்டு வைத்திருந்தார். ஒருவழியாக லைன் கிடைத்தது.

"எல்லாம் நல்லா இருக்கும்மா, பூ மட்டும்தான்" என்றேன்.

"வெய் மிங் அம்மா கிண்ணம் என்ன நிறம்னு கேட்டாங்க. நீலம்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'ஓ'ன்னாங்க."

"நல்ல ஓவா, கெட்ட ஓவா?"

"சும்மா 'ஓ'தான்மா. நீ வேற" என்று அவள் சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது. அந்த ஒரு 'ஓ' என்னை அன்று முழுக்கத் தின்றது. பொரியும் கடலையும் தின்றுகொண்டே நான் அந்த 'ஓ'வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீலத்தில் என்ன தப்பு? ஈப்போவில் எந்தக் கோப்பிக் கடைக்குப் போனாலும் நீலப்பூப் போட்ட வெள்ளைக் கோப்பையில்தானே ஊற்றுகிறார்கள்?

விஜயதசமி காலையில் பட்டறைத் தெருவில் நுழைந்ததும் 'பட்டீர்' என்று ஒரு சத்தம். என் உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏகாம்பரம் வாசலில் பூசணிக்காய் உடைத்திருக்கிறார். சாலையெல்லாம் குங்குமத் தண்ணீர். கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பட்டறையில் பொட்டு இல்லாத பொருளே இல்லை. அடுப்பு, சுத்தியல், மீட்டர் பெட்டி, சைக்கிள், காலண்டர். அலமாரியில் என் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும், அல்லிக்கு நேர் எதிர்ப்பக்கம், வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. கெண்டிக்குப் பெரியதாக ஒன்று.

"டீச்சர், பொட்டு!" என்றேன். மாலினி போட்ட ஒரே நிபந்தனை என் கண் முன்னால் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துடைக்கப் போன என் கையை டீச்சர் தட்டிவிட்டார்.

"தொடாதீங்க! சந்தனம் விளிம்பு வரைக்கும் இருக்கு, துடைச்சா தங்கம் இழுவிடும். விடுங்க, குங்குமம்தானே, அடுப்புல எரிஞ்சு காணாமப் போயிடும்."

"ஆமாம்மா, அந்தச் சூட்டுல இரும்பே செவந்து பூடும். குங்குமம் எம்மாத்திரம்?" என்றார் ஏகாம்பரம். சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டார்.

அன்றைக்கென்று நடுவில் மின்சாரம் போயிற்று. அடுப்பில் சூடு காட்டும் ஊசி பாதியில் நின்று, மெல்ல இறங்க ஆரம்பித்தது. டீச்சர் ஜெபமாலையை எடுத்தார். கன்னியம்மா அடுப்பைப் பார்த்துக் கைகூப்பினாள். நான் இரண்டு பேர் சாமியையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். கன்னியம்மா என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, பூஜைக் குங்குமத்தைத் தினத்தந்தி மாதிரி ஏதோ ஒரு தாளில் மடித்து என் கையில் வைத்தாள். "நேத்து பூஜையில வெச்சது அக்கா. பத்தலன்னு சாய்ங்காலம் கடையில வாங்கி, சாமிகிட்ட வெச்சி எடுத்தேன். பொண்ணுக்குக் கொண்டும் போய்க் குடு." பொண்ணுக்கா? பொட்டலத்தைக் கைப்பையின் அடியில் தள்ளினேன். விளக்கு வந்தது. ஊசி மறுபடி ஏறியது.

மறுநாள் காலை ஏகாம்பரம் கதவைத் திறந்தார். முதலில் தெரிந்தது தங்கம். கருப்பட்டிப் பாகு போய், விளிம்பெல்லாம் பளபளவென்று கோடு. நான் பெருமூச்சு விட்டேன். டீச்சர் ஒரு கிண்ணத்தை வெளியே எடுத்துத் திருப்பினார். சந்தனம் சுத்தமாகப் போயிருந்தது. பொட்டு போகவில்லை. முன்பைவிட அழகாக, பீங்கானோடு பீங்கானாக, மினுமினுத்தது. நகத்தால் சுரண்டினேன். நகம்தான் உடைந்தது.

"மாதாவே! இது குங்குமம் இல்ல, என்னோட சிவப்பு!" என்றார் டீச்சர். அலமாரியில் பார்த்தால் அந்த எவர்சில்வர் கிண்ணி காலி.

கன்னியம்மா முகம் வெளுத்துவிட்டது. "எல்லாத்துக்கும் வெச்சிகினே வந்தேனா, குங்குமம் தீந்து பூட்ச்சி. பாத்தா கிண்ணியில செவப்பா கீது. டீச்சரம்மா நம்ம பூஜைக்கின்னு வாங்கி வெச்சிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன். மாதா சாமி கும்புடறவங்க, நம்மளுக்காவ வெச்சிக்கிறாங்களேன்னு சந்தோசமா இருந்திச்சி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேட்காமல் அடுத்தவர் பொருளைத் தொடலாமா, உன்னால் என் மகள் வாழ்க்கையே போகப்போகிறது என்று வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே, "பொட்டு வெச்சது ஒரு தப்பா அக்கா?" என்று கேட்டாள்.

என் நெற்றியிலும் ஒரு பொட்டு இருந்தது. பெற்ற மகளின் கல்யாணத்தில் ஒரு பொட்டைக் கண்டு நான் நடுங்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் அடுப்புப் பக்கத்தில் நின்று அழுதோம். ஏகாம்பரம் டீ வாங்கிவர வெளியே போனார்.

"ஆசிட் வெச்சு எடுக்கலாம். ஆனா பளபளப்பு போயிடும், தங்கமும் போனாலும் போயிடும்" என்றார் டீச்சர். அதற்கும் நேரமில்லை. இளஞ்சூடாக இருந்த கிண்ணங்களை அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். ஒன்றில் மட்டும் பொட்டு தங்காமல் பொருக்காக உதிர்ந்து, இடம் வெள்ளையாகவே இருந்தது. எல்லாமே இப்படி உதிர்ந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கிளம்பும்போது கன்னியம்மா கையைப் பிடித்து, "மனசுல வெச்சிக்காத" என்றேன். அவள் தலையாட்டினாள்.

பூந்தமல்லி வழியாகத்தான் விமான நிலையத்துக்குப் போனோம். பூஜை முடிந்து வாடின வாழைக்கன்றோடு லாரிகள் வழியெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. டாக்சி டிரைவர், "இன்னா நைனா, வூட்டுக்குப் போவலையா?" என்று ஒவ்வொரு லாரிக்காரரையும் விசாரித்துக்கொண்டே ஓட்டினார். பெட்டி என் மடியிலேயே இருந்தது. டீச்சர் என் தோளைத் தடவிக்கொண்டே வந்தார். விமானத்தில் அதை மேலே வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன்.

ஈப்போவில் மாலினி பெட்டியைத் திறந்தாள். பூவைப் பார்த்துச் சிரித்தவள், கிண்ணத்தைத் திருப்பியதும் சிரிப்பை நிறுத்தினாள். "அம்மா, ஒண்ணே ஒண்ணுதானே சொன்னேன்" என்றாள், மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை. வேறு செட்டு வாங்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். "முதல்ல அவங்ககிட்டக் காட்டிடலாம். ஒளிச்சு வெச்சு அன்னைக்குத் தெரிஞ்சா இன்னும் மோசம்" என்றாள் மாலினி.

வெய் மிங்கின் அம்மாவுக்கும் எனக்கும் பொது மொழி மலாய்தான். பார்த்தால் சிரிப்போம், சாப்பிட்டாச்சா என்போம், அதற்கு மேல் போனதில்லை. அன்றும் சாப்பிட்டாச்சா என்றாள். ஆச்சு என்றேன். பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து அல்லியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் முகம் நன்றாக இல்லை. இன்னும் பொட்டைப் பார்க்கவேயில்லை, அதற்குள் ஏன் இப்படி இருக்கிறாள்? பிறகு கிண்ணத்தைத் திருப்பினாள். கட்டைவிரலைப் பொட்டின் மேல் வைத்துத் தேய்த்தாள். இன்னொரு முறை, அழுத்தித் தேய்த்தாள்.

"கழுவினாலும் போகாதா?" என்று மலாயில் கேட்டாள்.

"போகாது. தெரியாமல் நடந்துவிட்டது. அடுப்புக்காரர் மனைவி..." நான் திக்கித் திணறிக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மாலினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டுக்காரரைக் கூப்பிடத்தான் போயிருக்கிறாள், முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் ஒரு பிஸ்கட் டின்னுடன் வந்தாள். மூடியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே சிவப்புக் காகிதத்தில் கத்தரித்த சின்னச் சின்ன வட்டங்கள், ஒரு பசைக் குப்பி.

"நீலம் என்று மாலினி சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தினமும் காப்பி குடிக்க நீலம் சரி. கல்யாணத்தில் சிவப்பே இல்லாமல் நீலமும் வெள்ளையும் மட்டும் வைத்தால், அது எங்களுக்கு இழவு வீடு. வெய் மிங் அப்பா பார்த்தால் தேநீரைத் தொடமாட்டார். நீங்கள் அவ்வளவு தூரம் போய் வாங்கி வருகிறீர்கள், எப்படிச் சொல்வது? அதனால் ஒவ்வொன்றிலும் ஒட்டிவிடலாம் என்று வெட்டி வைத்தேன். பிய்ந்து விழுந்துவிடுமோ என்று அதற்கும் பயம்" என்றாள். சொல்லிவிட்டு, மறுபடி அந்தப் பொட்டைத் தடவினாள். "இது விழாது. அவர் கண்ணுக்கு இது வெறும் சிவப்பு வட்டம்தான்."

ஆவடியில் நான் தூங்காமல் கிடந்த அதே நாட்களில் இவள் இங்கே கத்தரிக்கோலுடன் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் ஒவ்வொரு கிண்ணமாகத் திருப்பிப் பார்த்து மேசையில் அடுக்கினாள். பொட்டு உதிர்ந்த கிண்ணம் வந்ததும் நிறுத்தினாள். டின்னிலிருந்து ஒரு சிவப்பு வட்டத்தை எடுத்தவள், அதை வைத்துவிட்டு, என் நெற்றியைப் பார்த்தாள். கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "இதற்கு நீங்கள் வையுங்கள்."

மாலினியைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள். கைப்பையின் அடியிலிருந்து கன்னியம்மா தந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். விரலைத் தண்ணீரில் நனைத்து, குங்குமம் தொட்டு, அந்த வெள்ளை இடத்தில் வைத்தேன். பொட்டு கொஞ்சம் கோணலாகிவிட்டது.

"இது கழுவினால் போய்விடும்" என்றேன்.

மலாயில் சம்பந்தியைப் 'பெசான்' என்பார்கள். அத்தனை மாதங்களில் எங்கள் இருவர் வாயிலும் அந்த வார்த்தை வந்ததில்லை.

"கல்யாணம் முடிகிற வரைக்கும் நான் கழுவ மாட்டேன், பெசான்" என்றாள்.